தூண்டிலும் பாஸ்போர்ட்டும்

மரக்காணத்து உப்பங்கரையில் குடியிருந்துகொண்டு, மீன் பிடிப்பதற்காகக் கடல் கடந்து போகப் போகிறோம் என்று நாம் சொன்னால், நேயர்களில் சிலர் நம் புத்தியைப் பற்றிச் சந்தேகம் கொள்ளக்கூடும். அவர்கள் மேல் குற்றமில்லை. கிழக்கே வங்கக் கடல். தெற்கே கழிமுகம். அதையடுத்துக் கழுவேலி என்னும் பெரிய உப்பங்கழி. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் அரசாங்கத்தார் அதைப் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்தார்கள். ஆந்திர தேசத்திலிருந்து கடற்கரை ஓரமாகவே வரும் பக்கிங்ஹாம் கால்வாய் நம் பக்கத்துக்கு வந்துதான் ஓய்கிறது. இத்தனை தண்ணீரிலும் மீன் இருக்கிறது. மடவையும் கொடுவாவும் இறாலும் கூடையில் ஏறி வாசலுக்கே வருகின்றன. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று அறிஞர்கள் சொல்வது மெய்யானால், விருந்தாளிக்குச் சுட்ட குழல்மீன் கொடுக்கும் வழக்கம் இங்கே சங்க காலத்திலேயே ஏற்பட்டுவிட்டது. இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவன் மீனுக்காகப் பிரயாணம் போவதென்றால், அது திருநெல்வேலிக்காரன் அல்வா வாங்க அயலூர் போவதைப் போலத்தான்.

ஆயினும் நாம் தேடுகிற மீன் வேறு. டிரௌட் என்று பெயர். வெள்ளைக்காரர் நாவல்களில் வரும் கனவான்கள் முழங்கால் அளவு ஓடைத் தண்ணீரில் நின்றுகொண்டு, கையில் நீண்ட பிரம்புடன், பொழுதெல்லாம் தவம் கிடப்பது இந்த மீனுக்காகவேதான். பி.ஏ. வகுப்பில் இத்தகைய நாவல்களைப் படித்து உருப்போட்ட தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாம். ஷேக்ஸ்பியரை மறந்தாலும் அந்த ஓடையை மறக்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல், குழந்தைகளின் படிப்புச் செலவுக்கு நடுவே, ஒரு தடவையாவது அந்தப் பிரம்பைக் கையில் பிடித்துப் பார்க்கவேண்டும் என்ற ஆசை எழுந்தது. இதற்கு இல்லத்தரசியின் அபிப்பிராயம் என்ன என்பதை இங்கே எழுதாமல் விடுவது குடும்ப க்ஷேமத்துக்கு நல்லது.

ஆசை வந்ததும் வாத்தியார் உத்தியோகத்தின் பழக்கப்படி முதலில் பாடம் படித்தோம். டிரௌட் குளிர்ந்த நீரில் வாழும் ஜாதி. நீர் 20 டிகிரிக்கு மேல் சூடேறினால் அதற்குச் சங்கடம். 25 டிகிரியைத் தாண்டினால் பிராணாபத்து. காரணம் மிகவும் எளிது. நீர் குளிர்ந்திருக்கும்போதுதான் காற்றிலுள்ள பிராணவாயுவை அதிகமாகக் கரைத்து வைத்துக்கொள்ளும். 10 டிகிரி நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் பிராணவாயு தங்கும். 30 டிகிரி நீரில் ஏழரைதான் தங்கும். உப்புக் கலந்தால் அதுவும் குறையும். சித்திரை மாதத்தில் நம் உப்பளத்து வாய்க்காலில் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. அங்கே வாழும் மடவை வேறு உபாயத்தால் பிழைக்கிறது. டிரௌட்டோ மலையில், உருளைக் கற்களின் மேல் துள்ளி ஓடுகிற நீரில்தான் பிழைக்கும். நம் நாட்டைப் போன்ற உஷ்ணப் பிரதேசத்தில் ஐயாயிரம் அடிக்கு மேலே ஏறினால்தான் அந்த நீர் கிடைக்கும்.

இன்னொரு விஷயம் நம்மை ஆச்சரியத்தில் ஆழ்த்தியது. பழுப்பு டிரௌட்டின் பூர்வீகம் ஐரோப்பா. வானவில் டிரௌட்டின் பூர்வீகம் பஸிபிக் மகா சமுத்திரத்தை ஒட்டிய வட அமெரிக்க நதிகள். ஆனால் இன்று உலகத்தில் இந்த மீன் பேர்போன இடங்களில் பாதியும் அது தானாகப் போய்ச் சேர்ந்த இடமல்ல; மனிதன் சுமந்து கொண்டுபோய் விட்ட இடம். 1864-ஆம் வருஷம் ஜனவரியில் லண்டனிலிருந்து புறப்பட்ட 'நார்போக்' என்னும் பாய்மரக் கப்பலில், மரப்பெட்டிகளில் ஈரப் பாசியைப் பரப்பி, அதன்மேல் மீன் முட்டைகளை வைத்து, சுற்றிலும் பனிக்கட்டியை அடுக்கினார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் பூமத்திய ரேகையைத் தாண்டி அந்தக் கப்பல் ஓடியது. டாஸ்மேனியாவில் பெட்டியைத் திறந்தபோது ஒரு பகுதி முட்டைகள் உயிரோடிருந்தன. அதற்கு முன் செய்த முயற்சிகள் வீணாகியும் அவர்கள் விடவில்லை. அங்கிருந்து 1867-இல் நியூஸீலாந்துக்குப் போயிற்று. நம் காச்மீரத்துக்கு 1899-இல் வந்த முட்டைகள் வழியிலேயே கெட்டுப் போக, மறு வருஷம் வேறு முட்டைகள் வந்து பிழைத்தன. நீலகிரியில் 1860-களில் பிரான்ஸிஸ் டே என்ற டாக்டர் முயன்று பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு எச்.ஸி. வில்ஸன் என்பவர் வந்து, 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்படுத்தி, வானவில் டிரௌட்டை நிலைக்கச் செய்தார். அதற்காக மீன் வந்த இடங்களில் ஒன்று இலங்கை. இலங்கைக்கு அது எப்படி வந்தது? 19-ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது வருஷங்களில், நுவரெலியா மலையில் தேயிலை பயிரிட்ட துரைமார்களின் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து ஓடைகளில் விட்டார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் அதற்கென்று ஒரு சங்கமும் கண்டுவிட்டார்கள்.

எங்கே போவது என்ற கேள்வி வந்தது. ஆக்லந்தில் உத்தியோகம் பார்க்கும் தம்பி மகன், "பெரியப்பா, நியூஸீலாந்துக்கு வாருங்கள், இங்கேதான் டிரௌட் ராஜ்யம்" என்று எழுதினான். அவன் அனுப்பிய விவரங்களைப் படித்ததில் அந்த நாட்டாரிடம் நமக்கு மரியாதை உண்டாயிற்று. அங்கே இந்த மீனை விற்பதும் வாங்குவதும் சட்ட விரோதம். பிடித்தவன் தின்னலாம், அல்லது தானம் செய்யலாம். ஹோட்டலில் போய்க் கேட்டால் கிடைக்காது. பெரும்பாலான இடங்களில் அக்டோபர் முதல் தேதியிலிருந்து ஏப்ரல் 30 வரையில்தான் பிடிக்கலாம். அதற்கும் லைசென்ஸ் வேண்டும். டௌபோ ஏரிப் பிரதேசத்துக்குத் தனி லைசென்ஸ். விமானத்திலிருந்து இறங்கியவுடன் பழைய தூண்டில், ஜோடு எல்லாவற்றையும் அதிகாரிகளிடம் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கம்பளித் துணி ஒட்டிய அடியுடைய ஜோட்டை ஆற்றில் அணியவே கூடாது. 2004-இல் டிடிமோ என்னும் ஒருவகைப் பாசி அங்கே நதிகளில் தென்பட்டது. ஒரு சொட்டு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு நதிக்கு நதி தாவும் துஷ்டப் பாசி. அதற்காகத்தான் இத்தனை கட்டுப்பாடு. ஏரியையும் ஆற்றையும் சாக்கடையாக்கிவிட்டுப் பிறகு கமிட்டி போடும் நம்மவர்கள் இதைக் கவனிக்கலாம். எல்லாம் சரிதான்; ஆனால் விமானக் கட்டணத்தைப் பார்த்தபோது, உபாத்தியாயர் சம்பளத்துக்கும் டிரௌட் ராஜ்யத்துக்கும் நடுவிலுள்ள சமுத்திரம் எத்தனை அகலம் என்பது விளங்கிற்று. ராஜ்யத்தை அதன் பிரஜைகளுக்கே விட்டுவிட்டோம்.

மிஞ்சியது நீலகிரியும் இலங்கையும். 'அதே மீன் உதகைக்குப் பக்கத்திலேயே இருக்கும்போது இலங்கைக்கு எதற்குப் போகவேண்டும்?' என்று கேட்பது நியாயமே. நாமும் அவலாஞ்சிக்கே போவதென்றுதான் உத்தேசித்திருந்தோம். நம் பள்ளிக்கூடத்து எழுத்தரிடம் ஒரு நாள் மத்தியான்னம் இதைப் பற்றிப் பேசும்வரையில்.

அவருக்கு நம்மைவிட வயது சற்று அதிகம். சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசமாட்டார். டிரௌட் என்ற பெயரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதுவா ஸார்? எங்கள் லயத்துக்குக் கீழே ஓடின ஓடையில் இருந்த மீன் அதுதான். அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் சின்னப் பையனாக இருந்தபோது பெரிய துரை ஞாயிற்றுக்கிழமை பிரம்போடு வந்து நிற்பாராம். பிள்ளைகள் ஓடைப் பக்கம் சத்தம் போட்டால் கணக்கப்பிள்ளை விரட்டுவாராம்."

"நீங்கள் இலங்கையில் பிறந்தவரா, அண்ணா?" என்று கேட்டோம். பதினோரு வருஷமாக ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறோம், அன்றுதான் தெரிந்தது.

நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அவர் பிறந்தவர். 1981-இல் ஐந்து வயதுக் குழந்தையாகத் தாய் தகப்பனோடு தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, எங்கெங்கோ சுற்றி இந்த உப்பங்கரைக்கு வந்து சேர்ந்தவர். கண்டியிலிருந்த இந்திய அலுவலகத்தில் கொடுத்த பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் அவர் தகப்பனார் தகரப் பெட்டியில் வைத்திருந்து, சாகும்போது மகனிடம் ஒப்படைத்தாராம். மறுநாள் கொண்டுவந்து காட்டினார். ஒரே புகைப்படத்தில் தாயும் மூன்று குழந்தைகளும். கடைசிக் குழந்தை அவர். அப்போதும் இதே முறைப்பான முகம்.

அன்றிரவு நமக்கு மீனைப் பற்றிய நினைவு போய்விட்டது. 'நார்போக்' கப்பலில் முட்டைகள் பாசி மெத்தையில் பிரயாணம் செய்த அந்த 1860-களில்தான், நம் தென் ஜில்லாக்களிலிருந்து ஏழை ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டு வழியாகக் கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களுக்கு நடந்து போனார்கள். காலராவாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். காப்பி நோயில் அழிந்ததும் தேயிலை வந்தது. அதே ஜனங்கள் அதையும் பயிராக்கினார்கள். மீனும் அவர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே மலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மீன் அங்கே நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. அதை அந்நியம் என்று சொல்லி எவரும் கப்பலேற்றவில்லை.

ஜனங்களின் கதை அப்படியல்ல. இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948-ஆம் வருஷத்தில் நிறைவேறிய பிரஜா உரிமைச் சட்டம், தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிவிட்டது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மாடு கன்றுகளை எழுதுவது போலத்தான் இருக்கிறது. அங்கேயே தங்கிவிட்டவர்களில் மீதியிருந்த நாடற்றவர்களுக்கு 2003-ஆம் வருஷச் சட்டத்தால்தான் பிரஜா உரிமை கிடைத்தது. இங்கே வந்தவர்களுக்காக நம் அரசாங்கத்தார் 1968-இல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கினார்கள்; அதுவே பிறகு 'டான்டீ' என்று இன்று எல்லோரும் சொல்லும் கழகமாயிற்று. கூடலூரிலும் கோத்தகிரியிலும் தாயகம் திரும்பியவர்கள் மறுபடியும் கூடையைத் தோளில் மாட்டிக் கொழுந்து கிள்ளப் போனார்கள். ஆக, இலங்கை மலையிலிருந்து நீலகிரி மலைக்கு முதலில் வந்தது மீன். அறுபது, எழுபது வருஷம் கழித்து வந்தவர்கள் மனிதர்கள். தாயகம் என்று பெயர் சொல்லி அழைத்து வந்தோமே தவிர, 'சிலோன்காரன்' என்ற பட்டத்தைப் பல ஊர்களில் இன்னும் அவர்கள் மேலிருந்து எடுத்தபாடில்லை. நம் எழுத்தர் பதினோரு வருஷம் வாய் திறக்காததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

ஆகவே அவலாஞ்சி போதும் என்ற எண்ணத்தைக் கைவிட்டோம். நுவரெலியாவுக்கே போவது, எழுத்தரும் கூட வருவது என்று தீர்மானமாயிற்று. "தூண்டிலெல்லாம் உங்களுக்கு ஸார். எனக்கு அந்த லயம் இருக்கிறதா, ஓடைக்கரை மாரியம்மன் கோயில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அம்மா ஒரு மணி கட்டுவதாக வேண்டிக்கொண்டு கட்டாமலே வந்துவிட்டாள்" என்றார். மணி ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டார். பித்தளை, அரைக் கிலோ. நம் தூண்டில் சாமான்கள் இன்னும் வந்தபாடில்லை.

பயிற்சி மட்டும் நடக்கிறது. இந்த மீனைப் பிடிக்கும் முறை நம் ஊர்ப் பிள்ளைகள் மண்புழுவைக் கோத்துத் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்காருவதைப் போன்றதல்ல. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி ஈயைப் போல ஒரு பொய்ப் பூச்சி செய்கிறார்கள். அதற்குக் கனமே கிடையாது. எறிந்தால் காலடியிலேயே விழும். ஆகையால் கயிற்றைக் கனமாகச் செய்து, பிரம்பைப் பின்னுக்கும் முன்னுக்கும் வீசி, காற்றில் கயிறு நீளமாக விரியும்படி செய்து, பூச்சி தண்ணீரில் தானாக வந்து இறங்கியது போல் இறக்க வேண்டும். மூங்கில் கழியும் தடித்த நூலும் கொண்டு சாயங்கால வேளையில் உப்பளத்து வரப்பில் நின்று நாம் இதைப் பழகுகிறோம். அங்கே மரமில்லை, கொடியில்லை. கயிறு சிக்குவதற்கு நம் காதைத் தவிர வேறொன்றுமில்லை. பாத்தியில் பலகை கொண்டு உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி சற்று நேரம் பார்த்துவிட்டு, "இன்னா வாத்தியாரே, மீனைப் புடிக்கப் போறியா, சாட்டையால அடிக்கப் போறியா?" என்று கேட்டாள். வெயிலில் உப்பு நீரில் நாள் முழுவதும் நின்று பாதம் வெடித்துப்போன அவளுக்கு, காசு செலவு செய்து குளிர்ந்த நீரில் நிற்கப் போகிறோம் என்று எப்படிச் சொல்வது? சிரித்து மழுப்பினோம்.

பிரயாண ஏற்பாட்டைப் பற்றி விசாரிக்கும் நேயர்களுக்காகச் சில விவரங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பிரயாணிகள் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில் மறுபடியும் தொடங்கிற்று. சுமார் நாலு மணி நேரப் பிரயாணம். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நிறுத்திவிடுவார்கள். ஆகையால் புறப்படும் வாரம்வரையில் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணம் பார்த்துக்கொண்டு தெற்கே போய், மலை ரயிலில் நானுஓயா ஸ்டேஷனில் இறங்கினால் நுவரெலியா பக்கத்தில்தான். உயரம் ஆறாயிரம் அடிக்கு மேல், கம்பளி அவசியம். சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டி அங்கே ஜனக் கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். மே கடைசியில் தென்மேற்குப் பருவ மழை தொடங்கிவிடும். ஓடைகள் கலங்கி, பூச்சியை மீன் பார்க்காது. நடுவிலுள்ள மே முதல் இரண்டு வாரம் நம் பள்ளிக்கூட விடுமுறைக்கும் பொருந்துகிறது. ஹார்ட்டன் சமவெளியில் டிரௌட் இருப்பது உண்மையே. ஆனால் அது 1988 முதல் தேசியப் பூங்கா. எந்த ஓடையில் தூண்டில் போடலாம், எதில் கூடாது என்று அந்நாட்டு வனஜீவி இலாகாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். எழுத்தில் அனுமதி வராவிட்டால் பூங்காவில் வெறுங்கையோடு நடந்துவிட்டு வருவோம். டிரௌட் பிற மீன் குஞ்சுகளையும் நீர்ப் பூச்சிகளையும் தின்று வளரும் மீன். மலை ஓடைகளில் முன்பே இருந்த சிறிய ஜீவன்களுக்கு அது வந்தது நல்லதில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் கவலைப்படுகிறார்கள். ஆகவே நம் கையில் ஒன்று அகப்பட்டால் மறுபடி நீரில் விடும் நவநாகரிக வழக்கத்தைப் பின்பற்றாமல், மிளகாய் தடவி வறுத்துவிடுவதென்று தீர்மானித்திருக்கிறோம். வறுப்பது எழுத்தரின் பொறுப்பு.

ஒரே தடங்கல் அவருடைய பாஸ்போர்ட். தகப்பனாரின் பாஸ்போர்ட்டில் குழந்தையாக இருந்தவர்; தமக்கென்று எடுத்ததில்லை. விண்ணப்பத்தில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் நுவரெலியா என்று எழுதியதும், ஒரு அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். தகரப் பெட்டிக் காகிதங்களைக் காட்டினார். இது போதாது, இந்தியப் பிரஜை என்பதற்கு வேறு ருசு வேண்டும் என்றார்கள். வாக்காளர் அட்டை, ஐம்பது வயதுக்கு வந்த சர்வீஸ் புத்தகம், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மூன்று தடவை போய் வந்துவிட்டார். நாலாவது தடவை நாமும் உடன் போனோம். குமாஸ்தா அந்தப் பழைய புகைப்படத்தையும் எதிரே நின்ற மனிதரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காகிதங்களை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். போலீஸ் விசாரணை போன வாரம் முடிந்தது. கப்பல் சீட்டுக்கு நாம் இன்னும் பணம் கட்டவில்லை; அவருடைய பாஸ்போர்ட் தபாலில் வந்த மறுநாள் இரண்டையும் சேர்த்துத்தான் வாங்குவதாக இருக்கிறோம்.